‘வரை’ என்னும் சொல்லின் விலை

பத்துபஸ்தியில் இன்று வீட்டு இணைய இணைப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் விளம்பரங்களைக் காண்கிறோம். செயற்கைக்கோளை மட்டுமே நம்பி, ஒரு படிவத்தைத் திறக்கக் காத்துக்கிடந்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை. சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி இழைவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பின்னரே நமக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிட்டியது. அவ்வாய்ப்பை நாம் சரியாகப் பயன்படுத்துகிறோமா?

விளம்பரங்கள் ‘100 மெகாபிட் வரை’ என்கின்றன. அந்த ‘வரை’ உச்சத்தைச் சொல்கிறது, உறுதியைச் சொல்வதில்லை. அகலக்கற்றை எனப்படுவதற்கு 2023 முதல் நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. இரண்டுக்கும் நூறுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் நம் பணம் கரைகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முதல் திட்டத்தின் மாதக் கட்டணம் 500 ரூபாய். அறிவித்த வேகம் 100 மெகாபிட். இரண்டாவது 600 ரூபாய். அறிவித்த வேகம் 60. 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் அவை 590, 708 ரூபாயாகும். மாலையில் அளந்தபோது முதலாவது 35 மெகாபிட்டும் இரண்டாவது 55 மெகாபிட்டும் தந்தன எனக் கொள்வோம். ஒரு மெகாபிட்டுக்கு முதலாவதில் சுமார் 17 ரூபாயும், இரண்டாவதில் சுமார் 13 ரூபாயும் செலவாகிறது. மலிவாகத் தோன்றியதே விலை கூடியது! நிறுவும் கட்டணம், ரௌட்டர் வைப்புத்தொகை ஆகியவற்றையும் சேர்த்து ஓராண்டுச் செலவாகக் கணக்கிடுவதே முறை. மாத அளவைத் தாண்டியபின் வேகம் எவ்வளவு குறையும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

அளப்பதிலும் கவனம் தேவை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே ஒரு தகவல் சென்னைக்குச் சென்று திரும்பக் குறைந்தது 13 மில்லிநொடிகளாவது ஆகும். உங்கள் சோதனை 5 மில்லிநொடி என்று காட்டினால், அது தீவுக்குள்ளேயே உள்ள சர்வரை அளந்திருக்கிறது; கடல் கடந்த பாதையைத் தொடவே இல்லை. ஆகவே சென்னை சர்வரைத் தேர்ந்தெடுத்து, கணினியைக் கம்பிவழி ரௌட்டருடன் இணைத்து, காலை, நண்பகல், இரவு 9 மணி என மூன்று வேளையும் ஒரு வாரம் அளந்து குறித்து வையுங்கள். புதிதாக இணைப்புப் பெறுவோர் அதே தெருவில் உள்ள அண்டை வீட்டாரின் இரவு வேகத்தைக் கேட்டறியலாம்.

தேவையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பணப் பரிமாற்றத்திற்கு மிகுந்த வேகம் வேண்டியதில்லை. இடையில் அறுபடாத இணைப்பே வேண்டும். அதற்காக மட்டும் உயர்ந்த திட்டத்தை வாங்குவது வீண்செலவு.

நிறுவனங்கள் உச்ச வேகத்தோடு, நெரிசல் நேரத்தில் கிடைக்கும் வேகத்தையும் கட்டணப் பட்டியலில் அச்சிட வேண்டும் என்பதே நம் கருத்து. அரிசியை எடை பார்த்து வாங்கும் நாம், இணையத்தை மட்டும் அளக்காமல் வாங்குவானேன்?