எரிந்ததும் எரித்ததும்

வெண்மணியைப் பற்றி எழுதியாகிவிட்டது, இனி அதில் இலக்கியத்துக்கு வேலை இல்லை என்று ஓர் அபிப்பிராயம் நம்மிடையே உலவுகிறது. சொல்கிறவர்கள் சாமான்யர்கள் இல்லை, நன்றாக எழுதுகிறவர்கள். அவர்கள் போடுகிற பட்டியலும் தப்பில்லை. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975-ல் வந்து, 1977-ல் சாகித்ய அகாதெமி பரிசும் வாங்கிவிட்டது. ஞானக்கூத்தன் கவிதை இருக்கிறது. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' இருக்கிறது. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமய்யாவின் குடிசை' என்ற ஆவணப்படம் இருக்கிறது. ஆகவே கணக்கை மூடிவிடலாம் என்கிறார்கள். கணக்கு மூடுவதையே பிழைப்பாகக் கொண்ட பாங்க் குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட பேரேட்டை யாரும் மூடுவதில்லை.

இழந்தவர்களின் பக்கத்தை எழுதியிருக்கிறோம். அது போதுமா என்பது வேறு விஷயம். எழுதாத பக்கம் ஒன்று உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெண்கள், குழந்தைகள், வயதானவர்களே அதிகம். எரித்தவர்கள் யாராயினும், எரித்துவிட்டு அவர்கள் ஒரு வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். யாரோ கதவைத் திறந்திருக்க வேண்டும். கால் கழுவ யாரோ தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். சோறு போட்டிருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துப் பொங்கல் வந்திருக்கிறது; அந்த வீடுகளிலும் பால் பொங்கியிருக்கும். அந்த வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், கிழவிகள் என்ன பேசிக்கொண்டார்கள்? அல்லது எதைப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள்? அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் தஞ்சாவூர்க்காரன் ஒருவனும் அந்தக் கதவைத் தட்டவில்லை.

தட்டாததற்கு நமக்குச் சௌகரியமான காரணம் ஒன்றைச் சட்டமே கொடுத்தது. 1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் மிராசுதார் தரப்பைத் தண்டித்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதியும் அந்தஸ்தும் உள்ள நிலச்சுவான்தார்கள் தாங்களே நடந்துவந்து வீட்டுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை, ஆளை ஏவிவிட்டுப் பின்னால் இருப்பார்கள் என்றுதான் எதிர்பார்க்க முடியும் என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கம். அதே நாளில் நடந்த இன்னொரு கொலைக்காகத் தொழிலாளர் தரப்பில் தண்டனை பெற்றவர்கள் உண்டு. குடிசைக்கு மட்டும் யாரும் இல்லை. ஆக சட்டத்தின் கணக்கில் 44 பேர் எரிந்தது உண்மை; எரித்தவர் கிடையாது.

தமிழில் இதற்கு ஒரு எழுத்து போதும். எரிந்தது, எரித்தது. நடுவில் இருக்கும் ந் போய் த் வந்தால் ஒரு மனிதன் கையில் தீப்பந்தத்தோடு வாக்கியத்துக்குள் வந்து நிற்கிறான். மெல்லினம் இருக்கும் வரை அவன் வருவதில்லை. கொலை செய்தவன் வீடு பேசுகிற பாஷை இந்த மெல்லினம்தான். 'நடந்துபோச்சு.' 'அந்தச் சம்பவம்.' 'நேரம் சரியில்லே.' 'கைமீறிப் போயிட்டுது.' இவற்றில் ஒரு வினைக்கும் எழுவாய் மனிதனில்லை. கிரகம் உண்டு, சகவாசம் உண்டு, குடி உண்டு. மகன் இல்லை, தம்பி இல்லை, புருஷன் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில், 1996 தை மாத அறுவடையின்போது என் சித்தப்பா ஒருவனை வெட்டிக் கொன்றார். எங்கள் களத்தில் வேலை செய்தவரின் மகன். இருபத்திரண்டு வயது. கூலி நெல் அளந்த மரக்கால் சின்னது என்று எல்லோர் முன்னிலும் சொன்னான். அவ்வளவுதான் அவன் செய்தது. நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. சித்தப்பா எங்கே என்று கேட்டால் திருச்சியில் வேலை என்றார்கள். கேஸுக்காக ஆறு மா நிலம் போயிற்று. அதற்கும் எங்கள் வீட்டுப் பெயர் 'அந்தச் செலவு'. அத்தையின் கல்யாணம் இரண்டு தடவை தட்டிப்போனபோது 'அந்த ஜாதகம்'. அந்த இளைஞனின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை, ஒருத்தியைத் தவிர.

அவள் என் பாட்டி. சித்தப்பாவைப் பெற்றவள். அன்று சாயங்காலம் மகன் வீட்டில்தான் இருந்தான், சாப்பிட்டுப் படுத்துவிட்டான் என்று கோர்ட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வக்கீல் கேட்டிருக்கிறார். வக்கீலுக்கு அவள் சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் வசவாகச் சொல்லப்படுகிறது: "அவன் வீட்டிலே இல்லே. வெட்டிப்பிட்டு வந்தான். நாந்தான் தண்ணி ஊத்துனேன். அந்தத் தண்ணி போன எடம் எனக்குத் தெரியும்." வெட்டுப்பட்டு, ரத்தக்காயம், கைகலப்பு என்றெல்லாம் இல்லை. வெட்டிப்பிட்டு. வல்லினம்.

ஆயுள் தண்டனை ஆயிற்று. பெற்றவளே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று பெரியப்பா சாகிற வரை அவளோடு பேசவில்லை. இதே பாட்டிதான் மாதம் ஒரு தடவை முறுக்கும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, திருச்சி ஜெயிலில் மனு போட்டு மகனைப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்காகச் சத்தியம் செய்யத் தயாராக இருந்த எங்கள் ஆண்களில் ஒருவர்கூட இரண்டாவது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகவில்லை. பொய் சொல்லிக் காப்பாற்றப் பார்த்தவர்கள், காப்பாற்ற முடியாதபோது தலைமுழுகிவிட்டார்கள். பொய் சொல்ல மறுத்தவள் கடைசிவரை தாயாக இருந்தாள்.

என் வாதம் இதுதான். குடும்பத்தில் ஒருவன் கொடுமையான குற்றம் செய்துவிட்டால் இருப்பவை இரண்டே வழிகள் என்று நாம் நம்பவைக்கப்பட்டிருக்கிறோம்: மூடி மறைப்பது, இல்லாவிட்டால் உறவையே அறுத்து எறிவது. இரண்டும் ஒரே வழி. முன்னதில் குற்றம் மறைகிறது. பின்னதில் குற்றவாளி மறைகிறான். 'அவன் எங்கள் வீட்டுப் பிள்ளையே இல்லை' என்று சொல்கிற வீடு, அவன் கையில் அரிவாளைக் கொடுத்த திமிர் எங்கே விளைந்தது என்ற கேள்வியிலிருந்தும் சேர்த்துத்தான் கழன்றுகொள்கிறது.

காவிரிக்கரைக்கு இந்த விஷயம் புதியதல்ல. இரண்டு கோயில்கள் இதைத்தான் பேசுகின்றன. திருவிடைமருதூரில், தெரியாமல் ஒரு பிராமணனைக் கொன்றுவிட்ட வரகுண பாண்டியனைத் துரத்திவந்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலில் உட்கார்ந்துவிட்டது. அவன் வேறு வாசலால் வெளியேறிவிட்டான் என்பது ஐதீகம். இன்றைக்கும் பக்தர்கள் வந்த வாசலால் திரும்புவதில்லை. கொலைக்குப் பின்வாசல் உண்டு என்று கல்லில் கட்டிவைத்திருக்கிறோம். தோஷம் என்று பெயர் வைக்கப்பட்டது பிராமணனைக் கொன்றதற்கு. களத்தில் நெல் அளந்தவன் மகனைக் கொன்றால் எந்த வாசலிலும் எதுவும் உட்கார்வதில்லை.

இன்னொன்று திருவாரூர். கோயிலுக்குப் பக்கத்தில் கல்தேர் நிற்கிறது. பெரியபுராணம் சொல்கிற மனுநீதிச் சோழன் கதையில் நாம் எப்போதும் தேர்ச் சக்கரத்தையே பார்க்கிறோம். எனக்குச் சக்கரம் முக்கியமில்லை. மகனைக் கொல்வது கன்றுக்கு நியாயம் என்றும் நான் நினைக்கவில்லை. கடைசியில் சிவன் வந்து கன்றையும் மந்திரியையும் இளவரசனையும் எழுப்பிவிடுவதும் எனக்கு உதவாது. வெண்மணியில் யாரும் எழுந்து வரவில்லை. அந்தக் கதையில் முக்கியமான இடம் மந்திரிகள் பேசுகிற இடம். பசுவதைக்குச் சாஸ்திரத்தில் பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்துவிடலாம் என்கிறார்கள். அது அந்தப் பசுவின் துயரத்துக்கு மருந்தாகுமா என்று ராஜா திருப்பிக் கேட்கிறான். வேறொருவன் கொன்றால் தண்டிப்பேன், என் மகன் கொன்றால் பரிகாரமா என்கிறான். என் மகன், அவன் கொன்றான் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவனால் முடிகிறது. ஆனால் சேக்கிழாரும் ஒரு பெண்ணை விட்டுவிட்டார். மணியடித்த பசு தாய். இளவரசனைப் பெற்றவள் அந்த அரண்மனையில் எங்கே இருந்தாள்?

தஞ்சாவூர் எழுத்து இந்த இரண்டில் திருவிடைமருதூரைத்தான் எடுத்துக்கொண்டது. நமக்குப் பாவத்தை எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' ஒரு தாயின் மீறலை மகனின் கண் வழியாகப் பார்க்கிறது. குடும்பத்துக்குள் ஒரு உண்மை எப்படித் தெரிந்தும் தெரியாமலும் வாழ்கிறது என்பதை அதைவிட நுட்பமாக யார் எழுதியிருக்கிறார்கள்? ஆனால் அந்த நுட்பமெல்லாம் படுக்கையறை வாசலோடு நின்றுவிட்டது. களத்துமேட்டுக்கு வரவில்லை. தாயின் சோரம் தெரிந்த மகனை எழுதியவர்கள் நாம். மகனின் கொலை தெரிந்த தாயை எழுதவில்லை. ரத்தம் என்றால் அது அரசியல், கட்சி, கோஷம். கலைக்கு ஆகாது என்று ஒதுக்கியது நம்முடைய நவீனத்துவத்தின் ஆசாரம். இந்த ஆசாரத்துக்கும் மடிசஞ்சித்தனத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

'குருதிப்புனல்' களத்துமேட்டுக்கு வந்தது. வந்தும் என்ன செய்தது? மிராசுதாருக்கு ஆண்மைக் குறையைக் கற்பித்தது. ஃபிராய்டைப் படித்த உற்சாகம் ஒரு நாவலை எவ்வளவு தூரம் கெடுக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆட்சேபம் பழையது, பலர் சொன்னார்கள். நான் வேறு ஒன்றைச் சொல்கிறேன். எரித்தவனை விகாரமாக்கினால் அவன் வீடு தப்பித்துக்கொள்கிறது. அவனுக்கு உடம்பில் ஏதோ கோளாறு, நமக்கு இல்லை. 'எங்கள் வீட்டுப் பிள்ளையே இல்லை' என்று தலைமுழுகுகிற அதே காரியத்தை நாவல் கொஞ்சம் படித்த பாஷையில் செய்கிறது. நிஜத்தில் எரிக்கிறவன் எல்லோரையும்போல் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கி வருகிறவன். என் சித்தப்பாதான் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர். பயங்கரம் அதில்தான் இருக்கிறது.

குடும்பம் என்ன பாவம் செய்தது, அவர்களை ஏன் இழுக்கிறாய் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒருவன் செய்த கொலைக்கு அவன் மனைவியையும் பிள்ளையையும் தண்டிப்பது காட்டுமிராண்டித்தனம். சட்டமே இதில் கொஞ்சம் மனிதத்தனத்தோடு இருக்கிறது: குற்றவாளியை ஒளித்துவைப்பது குற்றம் என்ற 1860-ம் வருஷத்துப் பிரிவு கணவனுக்கும் மனைவிக்கும் விலக்களித்தது, 2024-ல் அமலான புதிய சட்டத்திலும் அந்த விலக்கு இருக்கிறது. தாய்க்கு அந்த விலக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நான் கேட்பது தண்டனை இல்லை. சாட்சியம். குற்றம் ஒருவனுடையது, அதைப் பற்றிப் பேசுகிற பாஷை வீட்டிலுள்ள எல்லோருடையது. முன்னதற்கு அவர்கள் பொறுப்பில்லை. பின்னதற்குப் பொறுப்பு.

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்றால், முடித்துக் காட்டிய ஒரு பெண்ணைச் சொல்கிறேன். அமராவதி காவிரியில் வந்து கலக்கிற ஆறு. அந்த வட்டாரத்து உடுமலைப்பேட்டையில், 2016 மார்ச் 13 அன்று பஸ் நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட குற்றத்துக்காகச் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி கௌசல்யா வெட்டுக் காயங்களோடு பிழைத்தார். அதன்பிறகு கோர்ட்டில் தன்னைப் பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட் தந்தை உள்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது, தாயை விடுவித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையையும் விடுவித்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. கோர்ட் எதை ஏற்றது, எதைத் தள்ளியது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த இளம்பெண் தன் சாட்சியத்தில் மெல்லினத்துக்கு இடம் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். 'என் வீட்டில் அசம்பாவிதம் நடந்துவிட்டது' என்று அவர் சொல்லவில்லை. அதற்காக ஊர் அவரைப் பேசிய பேச்சு, எங்கள் பெரியப்பா பாட்டியைப் பேசிய பேச்சுதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நம்முடைய தஞ்சாவூர் ஜில்லாவிலேயே, 2024 ஜனவரியில், ஒரத்தநாடு பக்கத்தில் 19 வயதுப் பெண் ஒருத்தியைச் சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காகப் பெற்றவர்களே கொன்று எரித்தார்கள் என்று வழக்கு வந்தது. எரித்ததற்கும் அந்தச் செய்தி வந்ததற்கும் நடுவே சில நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் ஒரு ஊர் சாப்பிட்டிருக்கிறது, தூங்கியிருக்கிறது, டீக்கடைக்குப் போயிருக்கிறது. வெண்மணியை எழுதியாகிவிட்டது என்கிற நண்பர்கள் அந்தச் சில நாட்களை எழுதிக் காட்டட்டும். வர்ணனை வேண்டாம். சங்கீதமும் வெற்றிலையும் படித்துறையும் வேண்டாம். போதிய அளவு இருக்கிறது. எழுவாய் உள்ள பத்து வாக்கியங்கள் போதும். யார், யாரை, என்ன செய்தான், அவன் எனக்கு என்ன உறவு.

கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதத் துணியாதவன் முதல் மூன்றுக்கு எழுதுகிற பதிலை நான் நம்புவதாக இல்லை.