பிறர் எண்ணைக் கொடுக்க நாம் யார்?

சென்ற கோடை விடுமுறையில் நாட்காட்டிச் செயலி ஒன்றை என் கைப்பேசியில் நிறுவினேன். நல்ல நேரம் பார்க்க அன்று, திருவள்ளுவர் ஆண்டுக் கணக்குப் பார்க்க. திறந்தவுடன், தொடர்பு எண்களைப் பார்க்க இசைவு கேட்டது. மாணவர்க்கு ஒரு சொல்லையும் ஓராது கடக்காதீர் என்று முப்பதாண்டாகச் சொல்லிவரும் நான், படியாமலே அழுத்திவிட்டேன்.

அழுத்திய பின்னரன்றோ அறிவு வந்தது! நாள் காட்டுதற்கு எண்கள் எதற்கு? அவை என் எண்களுமல்ல. ஏறத்தாழ நானூறு பெற்றோர், ஆசிரியன் என்னும் நம்பிக்கையால் என்னிடம் ஒப்படைத்தவை. என் இருப்பிடத்தை நான் விற்றால் கேடு எனக்கு. அவர்தம் எண்ணைக் கொடுக்க எனக்கு ஏது உரிமை?

இது வெற்றச்சம் எனச் சிலர் நகையாடுவர். அமெரிக்காவில் கைவிளக்குச் செயலி ஒன்றின்மீது அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் 2013-இல் நடவடிக்கை எடுத்ததை அவர்கள் அறிக. 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று கேட்டுவிட்டு, விடை வருமுன்னரே பயனரின் இருப்பிடத்தையும் கருவியின் அடையாளத்தையும் பிறர்க்கு அனுப்பிக்கொண்டிருந்தது அது. விளக்கெரிக்க வந்ததன் வேலை அது!

ஆண்டிராய்டு கைப்பேசிகளில் 2015-இல் வந்த 6-ஆம் பதிப்புக்கு முன், கேட்டதெல்லாம் கொடுத்தாலன்றிச் செயலியை நிறுவ இயலாது. அதன்பின் ஒவ்வோர் இசைவையும் தனித்தனியே கொடுக்கலாம், மீளப் பெறலாம். 'அமைப்புகள்' திறந்து, 'தனியுரிமை' என்னும் பகுதிக்குச் சென்று இசைவுப் பட்டியலைக் காண்க. (அங்கே 'அனுமதி' என்றே எழுதி வைத்திருப்பர், 'இசைவு' என்னும் சொல் அவர்கள் கண்ணில் படவில்லை போலும்.) எண்கள், ஒலிவாங்கி, படக்கருவி, இருப்பிடம் ஒவ்வொன்றையும் எவ்வெச் செயலி பெற்றுள்ளது என்பது அங்கே தெரியும். வழிகாட்டும் வரைபடத்திற்கு இருப்பிடம் வேண்டும். அதனையும் பயன்படுத்தும்பொழுது மட்டும் கொடுத்தால் போதும். மறுத்தால் செயலியே நின்றுவிடும் என்று அஞ்சற்க. பெரும்பாலானவை இயங்கும், இயங்காதவற்றை நீக்குக. ஐபோனில் 2024-இல் வந்த 18-ஆம் பதிப்பு முதல், நாம் தேர்ந்த சிலர் எண்களை மட்டுமே ஒரு செயலிக்குக் காட்டலாம்.

என் பட்டியலில் எண்களைப் பார்க்க இசைவு பெற்றிருந்தவை பதினொன்று. இரண்டை விட்டு மற்றவற்றுக்கு மறுத்துவிட்டேன். ஆயினும் முன்னரே எடுத்துச் சென்றிருந்தால் அதனை இம்மறுப்பு மீட்டுத் தாராது. வரும் பெற்றோர் கூட்டத்தில் இதனை நானே எழுந்து சொல்லிவிட இருக்கிறேன்.