உவர் வயலுக்கும் அதே உரக் கணக்கா?

நெற்செய்கைக்கான உர மானியத்தை ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்த 2024 இல் அரசாங்கம் தீர்மானித்தது. கடலையும் களப்பையும் அண்டிக் காணி வைத்திருக்கும் கிண்ணியா, மூதூர், பொத்துவில் விவசாயிகளுக்கும் அதே தொகைதான். உவர் ஏறிய வயலுக்கென்று தனிக் கணக்கு கிடையாது.

பயிர் மஞ்சளித்தால் யூரியா எறி என்பது நமது வட்டைகளில் பழகிப்போன வைத்தியம். உவர் நிலத்தில் அது பலிப்பதில்லை. மண்ணில் சோடியம் கூடும்போது வேர் பொற்றாசியத்தை உறிஞ்சுவது தடைப்படுகிறது. காரத்தன்மையும் சேர்ந்துவிட்டால் நாகச்சத்து மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிட்டாது. போட்ட யூரியாவில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். கடன்பட்டு வாங்கிய உரம் காற்றோடு போகிறது.

செய்ய வேண்டியது இரகசியமல்ல. விதைப்புக்கு முன் நல்ல தண்ணீர் கட்டி, உப்பைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். சோடியம் மிகுந்த மண்ணென்றால் அதற்கு முன் ஜிப்சம் இட வேண்டும். ஆனால் வடிச்சல் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் ஜிப்சமும் வீண்தான். யூரியாவைச் சிறுகச் சிறுகப் பிரித்து இட வேண்டும். எம்.ஓ.பி. உரமும் ஒரு குளோரைட்டு உப்பு என்பதால் அதையும் ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. பயிர் எடுக்கும் பொற்றாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில் தங்கியிருக்கிறது. அதை லொறியில் ஏற்றி விற்றுவிட்டு, அதே சத்தைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறோம்!

உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற இனங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆயினும் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உவருக்கு எளிதில் பாதிப்படையும். விதையை மாத்திரம் மாற்றிவிட்டு உரத்தைப் பழையபடி இட்டால் பலன் குறைவு.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தி, நவம்பரில் பின்வாங்கிய கதையை விவசாயிகள் மறக்கவில்லை. முழு நாட்டுக்கும் ஒரே கட்டளை என்ற அந்தப் போக்கு, மானியம் வழங்கும் முறையில் இன்னும் மிச்சமிருக்கிறது.

எந்த வயலில் எவ்வளவு உவர் என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்களில் தண்ணீர் திறக்கும் திகதியைக் கேட்கும் நமது விவசாய அமைப்புகள், மண் மாதிரி எடுக்கும் திகதியையும் கேட்க வேண்டும். உவர் உறுதியான காணிகளுக்கு மானியத்தின் ஒரு பங்கை ஜிப்சமாகவும் நாக சல்பேற்றாகவும் கமநல சேவை நிலையங்கள் ஊடாக வழங்கலாம். வடிச்சல் வாய்க்கால்களைத் துப்புரவாக்கும் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.