இரண்டாம் தட்டும் ஹாக்கிதான்

ஆசிய ஹாக்கியில் இளைஞர்களுக்கான இரண்டாம் தட்டுப் போட்டி, ஆடவர் ஜூனியர் ஏஎச்எப் (ஆசிய ஹாக்கிக் கூட்டமைப்பு) கோப்பை. அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்தப் படியேறி வந்த வங்கதேசம்தான் 2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் முதன்முறையாக ஆடி, 24 அணிகளில் 17ஆம் இடம் பிடித்தது. அதன் பெனால்டி கார்னர் வீரர் அமிருல் இஸ்லாம் 18 கோல் அடித்துத் தொடரிலேயே முதலிடம் பெற்றார். சிறிய அணிகளால் ஆட்டம் ஒருதலைப்பட்சமாகிவிடுகிறது என்பது பலரின் ஆட்சேபம். மதுரையில் ஓமானை இந்தியா 17-0 என வென்றது உண்மைதான். ஆனால் சமபலமுள்ள அணிகளோடு அடிக்கடி மோதினால்தானே அந்த இடைவெளி குறையும்? ஜூனியர் ஏஎச்எப் கோப்பை சில நாட்களில் முடிந்துபோகும் தகுதிச்சுற்றாக மட்டும் இருந்தால் அதற்குப் போதாது. ஆசிய ஹாக்கிக் கூட்டமைப்பு இப்போட்டியை ஆண்டுதோறும் நடத்த வேண்டும். செலவில் ஒரு பங்கை இந்தியா போன்ற வசதியுள்ள நாடுகள் ஏற்க வேண்டும்.