கானாவுக்கு எதுக்குய்யா கிட்டாரு?

"கானான்னா கானாவாவே இருக்கணும், கிட்டாரையும் டிரம்ஸையும் சேத்துக் கெடுத்துட்டாங்க"ன்னு நம்ம அம்பத்தூர் நண்பர் ஒருத்தர் புலம்புனார். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைப் பத்தித்தான். பதில் கொஞ்சம் நீளம், அதான் பதிவாவே போட்டுட்டேன்.

மொதல்ல ஒரு வெளியூர்க் கதை. கிழக்கு ஐரோப்பாவுல யூதர் வீட்டுக் கல்யாணங்கள்ல வாசிச்ச இசைக்குப் பேரு கிளெஸ்மர். வயலினும் கிளாரினெட்டும் பிரதானம். வாசிக்கிறவங்களுக்குப் பெரிய மரியாதை கிடையாது, ஆனா அவங்க இல்லாம கல்யாணமும் கிடையாது. (எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா?) ரெண்டாம் உலகப் போர்ல நாஜிகள் அந்த மக்களையே அழிச்சாங்க. 1970கள்ல அமெரிக்காவுல இந்த இசையைத் தேடிப் போன இளைஞர்களுக்குப் பழைய இசைத்தட்டுகளும், டேவ் டாரஸ் மாதிரி மிச்சமிருந்த சில பெரியவங்களும்தான் வாத்தியார். அப்புறம்தான் கலவை. 1986ல நியூயார்க்ல 'கிளெஸ்மாட்டிக்ஸ்' குழு ராக், ஜாஸ் எல்லாம் சேத்தாங்க. 1993ல ஜான் ஸோர்ன் 'மசாடா'ங்கற பேர்ல யூத மெட்டுச் சாயலை ஜாஸோட மோதவிட்டார். பங்க் வேகத்துல வாசிச்சவங்களும் உண்டு.

நம்ம கதைக்கு வருவோம். பா.ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017ல உருவாக்குன குழு இது. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்துல மொத மேடை. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்'லேர்ந்து வந்த பேரு. கிட்டாருக்குப் பக்கத்துலயே பறை, சட்டி, கட்ட மோளம். கிட்டார்க்காரர் கானாவைக் கத்துக்கிட்டு வந்து தானே பாடல, கானா பாடறவங்களே முன்னாடி நிக்கிறாங்க. ஆம்பளைங்க கோட்டையா இருந்த கானாவுல இசைவாணி மைக் புடிச்சாங்க, 2020ல பிபிசியோட 100 பெண்கள் பட்டியல்ல அவங்க பேரு வந்துச்சு.

கானா எப்பவுமே சினிமா மெட்டை எடுத்துக்கும், சினிமாவும் கானாவை எடுத்துக்கும். அதனால 'சுத்தமா இருக்கா'ங்கறது தப்பான கேள்வி. மேடையில யார் நிக்கிறா, யார் பேரு போடறாங்க, காசு யார் கைக்குப் போகுது? இதைத்தான் கேக்கணும்.

இன்னொண்ணு. அரங்கத்துல பறைக்கு எழுந்து நின்னு கைதட்டுறோம். அதே பறை ஆவடியிலயோ பூந்தமல்லியிலயோ தெருவுல வந்தா 'சாவு மோளம்'னு ஜன்னலைச் சாத்துறோம். அடிக்கிறவருக்கு ஒரு நாற்காலி போட யோசிக்கிறோம். கிட்டார் கெடுத்துச்சாம்ல!

கிளெஸ்மர் இளைஞர்களுக்கு இசைத்தட்டாவது கெடைச்சுது. நமக்கு வாத்தியாரே பக்கத்துத் தெருவுல உயிரோட இருக்கார். அவரை விட்டுட்டு நாளைக்கு நம்ம புள்ளைங்க யூடியூப்ல பறை கத்துக்கற நெலமை வந்தா, அதுக்கு எந்தப் போரையும் காரணம் காட்ட முடியாது.

கலக்கறவங்க கலக்கட்டும். வாத்தியாரைக் கூடவே கூட்டிட்டுப் போங்க, அவ்ளோதான். மாற்றுக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க :-)