பேய்க்கதையும் இலக்கியமே

“ஐயா, பேய்க்கதை இலக்கியமாகுமா?” என்று உயர்தர வகுப்பு மாணவனொருவன் அண்மையில் என்னை வினவினான். அவன் கையில் மெல்லிய நாவலொன்று இருந்தது. ஆசிரியர் பெயர் நான் கேள்வியுறாதது. பதிப்பகத்தின் பெயரும் இல்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டு அவரே அச்சிட்டிருந்தார். “இவற்றையெல்லாம் வாசித்துக் காலத்தைப் போக்காதே” என்று சொல்ல நா எழுந்தது. அடக்கிக்கொண்டு நூலை இரவல் வாங்கினேன். அவனுக்குரிய விடையை இம்மலரில் எழுதுகின்றேன்.

பேயைப் பாடுதல் நம் புலவர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவன் என அது பிறக்கும் நிலைக்களன் நான்கென்றும் வகுத்தார். மணிமேகலையிலே, சுடுகாட்டிற் பேயின் கூத்தைக் கண்ட சார்ங்கலன் என்னும் சிறுவன் அஞ்சியோடி உயிர் துறக்கின்றான். ஆயினும் சாத்தனார் அங்கே நிறுத்தினாரல்லர். மகனுக்கு ஈடாகத் தன்னுயிரைக் கொள்ளுமாறு தெய்வத்திடம் மன்றாடும் கோதமையை நம்முன் நிறுத்துகின்றார். அச்சத்தில் தொடங்கியது அவலத்தில் முடிகின்றது. நல்ல பேய்க்கதைக்கு உரைகல் இதுவே என்பது என் துணிபு.

இக்காலத்தார்க்கும் இது பொருந்தும். புதுமைப்பித்தன் 1943இல் வெளியிட்ட ‘காஞ்சனை’ என்னும் சிறுகதையிலே, பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை நினைந்து படித்த கணவன் அஞ்சுகின்றான். மனைவியோ ஐயமின்றி அவளுக்கு வீட்டில் இடமளிக்கின்றாள். எவர் அறிவு மெய்யறிவு என்ற வினாவே, கதை முடிந்த பின்னும் நம்மை வருத்துகின்றது.

ஆசிரியர் அறியப்படாதவர் என்பதும் ஒரு குறையன்று. ‘பிராங்கன்ஸ்ரைன்’ என்னும் ஆங்கில நாவல் 1818இல் இலண்டனில் ஆசிரியர் பெயரின்றி 500 படிகளே அச்சாயிற்று. அதை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு அகவை 18. ஆக்கியவனே கைவிட்ட அக்கோர உருவின்மீது வாசகர்க்கு இரக்கம் பிறந்தமையாலன்றோ, இருநூறு ஆண்டு கடந்தும் அந்நூல் வாழ்கின்றது!

வன்னி மக்களாகிய நமக்குத் தொல்காப்பியர் சொன்ன நான்கும் வெறும் ஏட்டுச் செய்திகளல்ல. காட்டுவழியில் யானைக்கு அஞ்சினோம். குளக்கட்டிலே கொள்ளிவாய்ப் பேய்க்கு அஞ்சினோம். 2009 வரை நீண்ட போரிலே வானத்தை நிமிர்ந்து பார்க்கவும் அஞ்சினோம். அவ்வச்சத்தை நேரே சொல்லும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. சிலர் அதைப் பேயின்மேல் ஏற்றிச் சொல்கின்றனர். அவர்களைப் பார்த்து நகைப்பது, தம் துயரைச் சொல்ல வந்தவர் வாயை அடைப்பதற்கு ஒப்பாகும்.

அம்மாணவன் தந்த நாவலில் எழுத்துப்பிழைகள் மலிந்திருந்தன; பேய் உலவும் அதிகாரங்கள் என்னை அச்சுறுத்தவுமில்லை. ஆனால், வாராத மகனுக்காக நாள்தோறும் அந்தியில் விளக்கேற்றிப் படலையைத் திறந்துவைக்கும் தாய் அந்நூலில் வருகின்றாள். அவள் என்னை உறங்கவிடவில்லை. “இலக்கியமே, தம்பி, பிழைகளையும் குறித்து வை” என்று சொல்லி நூலைத் திருப்பிக் கொடுத்தேன்.

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பேரறிஞர் நூல்களை வாங்கக் கைகள் பல உண்டு. நம்மூரில் தம் செலவில் அச்சிட்டு, விற்காத படிகளை வீட்டு மூலையில் அடுக்கி வைத்திருப்போரிடம் ஒரு படியேனும் விலைகொடுத்து வாங்குங்கள். நன்றென்றால் நன்றென்றும், பிழையென்றால் பிழையென்றும் அவருக்கு எழுதுங்கள். பின்னர் அதனை நம் கல்லூரி நூல்நிலையத்திற்கு அளியுங்கள். எழுதுவோர்க்குப் பேயினும் கொடியது, வாசிப்பாரற்ற மௌனமே.