தயிர் ஏன் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது?



பதிவு கொஞ்சம் நீளம். தயிரைப் பற்றியது. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

2023 மார்ச் மாதம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தயிர் பாக்கெட்டில் ‘தஹி’ என்று போட வேண்டும், உள்ளூர்ப் பெயரைப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் தென்மாநிலப் பால் கூட்டுறவு நிறுவனங்களுக்குச் சொன்னது. நம் ஆவினுக்கும் சொன்னது, கர்நாடகத்து நந்தினிக்கும் சொன்னது. முதலமைச்சர் ஸ்டாலின் கண்டித்தார். கர்நாடகத்திலும் எதிர்ப்புக் கிளம்பியது. மார்ச் 30ஆம் தேதி ஆணையம் இறங்கி வந்தது. அன்று என் போனில் ஒரே வெற்றி முழக்கம்.

என்ன வெற்றி? திருத்திய உத்தரவை எத்தனை பேர் படித்தீர்கள்? ‘கர்ட்’ என்று போடலாம், அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தஹி, மொசரு, பெருகு, தயிர் என்று வழக்கிலுள்ள பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் அந்தத் திருத்தம். நாற்காலியிலிருந்து இந்தி எழுந்தது, இங்கிலீஷ் உட்கார்ந்தது. தயிர் முன்பு எங்கே நின்றதோ அங்கேயேதான் நின்றது.

அடைப்புக்குறிக்கு வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தேன்? உள்ளே இருப்பதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் குறையாது என்று. குறுந்தொகை 167ஆம் பாட்டில் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய ஒரு பெண் கையால் தயிரைப் பிசைந்து கணவனுக்குச் சமைக்கிறாள். அந்தக் காலத்திலிருந்து நம் அடுப்படியில் புழங்கும் சொல் இது. இதை எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாதாம்.

சரி, டெல்லியைத் திட்டியாகிவிட்டது. இனி உங்களைத் திட்டுகிறேன்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சமீபத்தில் எத்தனை கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள்? மெனு கார்டைப் படித்தீர்களா? கர்ட் ரைஸ், லெமன் ரைஸ், டொமேட்டோ ரசம், ஸ்வீட் பொங்கல். அதுவும் தமிழ் எழுத்தில்! எந்த ஆணையம் இதற்கு உத்தரவு போட்டது? தஹி என்றதும் பொங்கியவர்கள் கர்ட் ரைஸ் என்றதும் இலையில் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்கிறீர்கள். (தயிர்ச்சாதமா, தயிர்ச்சோறா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

“பேருல என்ன சார் இருக்கு? ருசிதானே முக்கியம்” என்பீர்கள். பெயர் போனால் ருசியும் போகும் என்பதுதான் என் கட்சி. ஆண்டாள் ஊர்க்காரர்களுக்கு அவள் பாட்டிலிருந்தே காட்டுகிறேன். மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாக நாச்சியார் திருமொழியில் அவள் நேர்ந்துகொள்கிறாள். அந்த நேர்த்தியைப் பிற்காலத்தில் ராமானுஜர் நிறைவேற்றினார், பிறகு அவர் வில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்று அழைத்தாள் என்பது வைணவ மரபு. அப்பேர்ப்பட்ட அக்காரவடிசிலில் அரிசி பாலிலேயே வெந்து குழைய வேண்டும். பக்கத்தில் நின்று கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெல்லமும் நெய்யும் அதற்குப் பிறகுதான். சர்க்கரைப் பொங்கல் வேறு. அது பாசிப்பருப்பு சேர்த்துத் தண்ணீரில் வேகிறது. அதுவும் அருமையான பண்டம்தான், ஆனால் அது வேறு பண்டம்.

இரண்டுக்கும் ‘ஸ்வீட் பொங்கல்’ என்று ஒரே பெயரை வைத்துவிட்டால் சமையல்காரர் எதைச் செய்வார்? செலவும் வேலையும் குறைந்ததைச் செய்வார். அவர்மேல் தப்பில்லை. “நான் கேட்டது இது இல்லையே” என்று சொல்ல உங்களிடம்தான் சொல் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அப்படி இரண்டு பண்டம் இருந்ததே தெரியாது.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே கடலைமிட்டாயைச் ‘சிக்கி’ என்று அச்சடித்த உறையில் வாங்குகிறோம். லோனாவாலா சிக்கியோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. அது அந்த ஊர்ச் சரக்கு, அந்தப் பெயரில் இருக்கட்டும். நம்முடையதற்கு ஏன் அந்தச் சட்டை?

இந்நேரம் ஒருவர் கேட்க வாயெடுத்திருப்பார்: “பால்கோவாவில் இருக்கிற கோவா எந்த ஊர்ச் சொல் சார்?” வடக்கிலிருந்து வந்ததுதான். அதற்காகப் பால்கோவாவைத் திரட்டுப்பால் என்று மாற்றச் சொல்லும் ஆள் நான் இல்லை. எந்த உத்தரவும் இல்லாமல் விருந்தாளியாக வந்த சொல் அது. நாம் முன்னால் பாலைச் சேர்த்து நம்மோடு வைத்துக்கொண்டோம். அந்தப் பெயரிலேயே 2019இல் வில்லிபுத்தூருக்குப் புவிசார் குறியீடும் வாங்கினோம். திரட்டுப்பாலும் வீடுகளில் அதன் பெயரோடு அப்படியே இருக்கிறது. அன்னாசியும் கொய்யாவும் போர்ச்சுகீசியர் கப்பலில் பழத்தோடு பெயராகவும் வந்தவை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் சொல்லும் ‘பாண்’ அதே கப்பலில் வந்ததுதான். இங்கிலீஷ்காரன் நம்மிடமிருந்து கறியையும் கஞ்சியையும் எடுத்துக்கொண்டான். மிளகுத்தண்ணியை ‘முல்லிகட்டானி’ ஆக்கிக் குடித்தான். கொடுத்தோம், வாங்கினோம். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

எழுத்து வேறுபாட்டுக்கும் நான் சிவப்பு மை எடுக்க மாட்டேன். ஒரு கடைப் பலகையில் புரோட்டா, எதிர்க்கடையில் பரோட்டா. இரண்டிலும் சால்னா ஒன்றுதான். வீட்டுக்காரன் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே அவனைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு வேறொருவனுக்கு இலை போடுவதைத்தான் எதிர்க்கிறேன். கர்ட் அந்த வகை.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். ராஜுக்கள் வீட்டில் பெருகு, பப்பு. பக்கத்து வீட்டில் தயிர், பருப்பு. உறைமோர் கேட்டுக் கிண்ணம் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போய்வரும். இரண்டு வீட்டிலும் இரண்டு சொல்லும் தெரியும். யாரும் யாரையும் அடைப்புக்குறிக்குள் தள்ளவில்லை. பாக்கெட்டிலும் அப்படியே இருக்கட்டும் என்கிறேன். தமிழ்நாட்டில் விற்கும் தயிரில் ‘தயிர்’ பெரிதாக, ஆந்திரத்தில் ‘பெருகு’ பெரிதாக, கர்நாடகத்தில் ‘மொசரு’ பெரிதாக. தஹியும் கர்டும் கூடவே வரட்டும், குறிக்குள்.

ஓட்டல் நடத்தும், கேட்டரிங் எடுக்கும் என் மாணவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு மெனு கார்டு அடிக்கக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு காப்பி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். கட்டணம் கிடையாது. முதல் பந்தியில் ஓர் இலை போட்டு, அக்காரவடிசில் என்று சொல்லி அக்காரவடிசிலையே பரிமாறினால் போதும்.